மூலக்கூறுக்கு எதற்கு இன்டர்நெட் வேஷம்?

நானோ தகவல்தொடர்பு பற்றி வரும் ஆய்வுக் கட்டுரைகளைப் புரட்டினால் ஒரே மாதிரியான படம் திரும்பத் திரும்பக் கண்ணில் படும். மனித உடலின் வெளிக்கோடு. உள்ளே ரத்தக் குழாயில் சின்னச் சின்னப் புள்ளிகள். அவைதான் நானோ கருவிகள். புள்ளிகளிலிருந்து அம்புக்குறி தோலுக்கு வரும். தோலில் ஒரு பட்டை. பட்டையிலிருந்து கைப்பேசி, கைப்பேசியிலிருந்து மேகம், மேகத்துக்கு அந்தப் பக்கம் ஒரு டாக்டர்.

பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்தப் படத்தில் எத்தனை அம்புக்குறி இன்றைக்கு நிஜமாக வேலை செய்கிறது? தோலுக்கு வெளியே இருப்பதெல்லாம் நிஜம். உள்ளே இருப்பவற்றில் பெரும்பாலானவை கணித மாதிரி, கணினிப் பாவனை, அல்லது சோதனைக் குழாய்க்குள் நடந்த வேதியியல். படம் அந்த வித்தியாசத்தைக் காட்டுவதில்லை. எல்லா அம்பும் ஒரே தடிமனில்தான் இருக்கும்.

இந்தத் துறை மேல் எனக்கு மரியாதை உண்டு. டி.என்.ஏ.வை வைத்துக் கணக்குப் போடுவது, மூலக்கூறை வைத்துச் சேதி அனுப்புவது, இதெல்லாம் கடந்த முப்பது ஆண்டுகளில் நடந்த மிக அழகான வேலைகள். என் புகார் வேலையைப் பற்றி அல்ல, அதற்குப் போட்டுவிடும் வேஷத்தைப் பற்றி. மூலக்கூறை 'குட்டிக் கம்ப்யூட்டர்' என்றும் 'குட்டி இன்டர்நெட்' என்றும் அழைக்கும்போது இரண்டு தவறு நடக்கிறது. ஒன்று, அது ஜெயிக்கவே முடியாத பந்தயத்தில் ஓடவிடப்படுகிறது. இரண்டு, அது நிஜமாகச் செய்யக்கூடிய வேலை யார் கண்ணிலும் படாமல் போகிறது. மூன்றாவதாக ஒரு விளைவும் உண்டு. அது ஆய்வகத்துக்கு வெளியே நடக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

ஏழு ஊர், ஏழு நாள்

ஆரம்பத்திலிருந்தே வருவோம். 1994 நவம்பரில் 'சயின்ஸ்' இதழில் லெனார்ட் அடில்மன் ஒரு கட்டுரை எழுதினார். தென் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகப் பேராசிரியர். வங்கிப் பரிமாற்றத்தைப் பூட்டிவைக்கும் ஆர்.எஸ்.ஏ. முறையின் பெயரில் கடைசியாக வரும் 'ஏ' இவர்தான்.

அவர் எடுத்துக்கொண்ட புதிர் இது. ஏழு ஊர்கள். சில ஊர்களுக்கு இடையே ஒருவழிப் பாதை உண்டு, சிலவற்றுக்கு இல்லை. குறிப்பிட்ட ஊரில் கிளம்பி, எல்லா ஊரையும் ஒரே ஒரு முறை தொட்டு, குறிப்பிட்ட ஊரில் முடிக்க வழி இருக்கிறதா?

ஒவ்வொரு ஊருக்கும் 20 எழுத்து நீளமுள்ள ஒரு டி.என்.ஏ. இழையை ஒதுக்கினார். ஒவ்வொரு பாதைக்கும் ஒரு இழை: கிளம்பும் ஊரின் கடைசி 10 எழுத்து, போய்ச் சேரும் ஊரின் முதல் 10 எழுத்து. ஏ-யும் டி-யும் சேரும், ஜி-யும் சி-யும் சேரும் என்பது டி.என்.ஏ.வின் இயல்பு. எனவே எல்லாவற்றையும் ஒரே குழாயில் போட்டதும் பாதைகள் தாமாகவே ஒட்டிக்கொண்டு நீண்டன. சரியான பயணம், தப்பான பயணம், அரைகுறைப் பயணம், எல்லாம் ஒரே நேரத்தில் கோடிக்கணக்கில் உருவாயின. அப்புறம் சலித்தெடுக்கும் வேலை. சரியான ஊரில் ஆரம்பித்து சரியான ஊரில் முடிபவற்றை மட்டும் பெருக்கினார். 140 எழுத்து நீளம் உள்ளவற்றை மட்டும் வைத்துக்கொண்டார், ஏழு இருபது நூற்று நாற்பது அல்லவா. பிறகு ஒவ்வொரு ஊராகத் தூண்டில் போட்டு, அந்த ஊர் உள்ள இழைகளை மட்டும் பிடித்தார். மிஞ்சியதுதான் விடை.

இதற்கு ஏழு நாள் ஆய்வக வேலை ஆனது. அதே புதிரைக் காகிதத்தில் பென்சிலால் ஒரு நிமிடத்தில் போட்டுவிடலாம்.

இது அடில்மனுக்கும் தெரியும். அவர் காட்டியது வேகத்தை அல்ல, 'முடியும்' என்பதை. ஆனால் கேட்டவர்கள் வேறு கணக்குப் போட்டார்கள். ஒரு சொட்டில் கோடானுகோடி இழைகள் ஒரே நேரத்தில் வேலை செய்கிறதே, பெரிய புதிர்களையும் கொடுத்தால் சிலிக்கானைத் தோற்கடித்துவிடாதா?

அடுத்த ஆண்டே யூரிஸ் ஹார்ட்மானிஸ் பதில் சொன்னார். கணக்கீட்டுச் சிக்கல் கோட்பாட்டுக்காக 1993-இல் டூரிங் விருது பெற்றவர். அவர் கட்டுரையின் தலைப்பைத் தமிழில் சொன்னால் 'கணக்கீடுகளின் எடை'. வாதம் ரொம்ப எளிது. இந்த முறை ஜெயிக்க வேண்டுமானால், சாத்தியமான ஒவ்வொரு பயணத்துக்கும் குழாயில் ஓர் இழையாவது இருக்க வேண்டும். ஊர்கள் கூடக்கூடப் பயணங்களின் எண்ணிக்கை பல மடங்காகப் பெருகும். 200 ஊருக்கு இதே முறையில் விடை காண வேண்டுமானால் தேவைப்படும் டி.என்.ஏ.வின் எடை, பூமியின் எடையைத் தாண்டிவிடும்.

இந்தத் துறையில் எழுதப்பட்ட மிகச் சிறந்த விமர்சனம் இதுதான் என்பேன். புதுமையைக் கிண்டல் செய்யவில்லை, முடியாது என்று கையை விரிக்கவும் இல்லை. தராசை எடுத்து நிறுத்துக் காட்டினார், அவ்வளவுதான். 'ஒரே நேரத்தில் கோடிக்கணக்கில்' என்பது இலவசம் இல்லை. நேரத்தில் மிச்சம் பிடித்ததை எடையில் கொடுக்கிறோம்.

2002-இல் அடில்மன் குழுவே 20 மாறிகள் கொண்ட ஒரு தர்க்கப் புதிருக்கு டி.என்.ஏ.வால் விடை கண்டது. 10,48,576 சாத்தியங்களிலிருந்து ஒன்றைத் தேடி எடுத்தார்கள். ஆய்வக வேலை என்ற முறையில் பெரிய சாதனை. ஆனால் பத்து லட்சம் சாத்தியங்கள் என்பது உங்கள் பாக்கெட்டில் இருக்கும் கைப்பேசிக்குக் கண் சிமிட்டும் வேலை. பந்தயம் அப்போதே முடிந்துவிட்டது.

கேள்வி எங்கே இருக்கிறது?

பந்தயம் முடிந்தபிறகும் துறை சாகவில்லை. ஏன் என்பதுதான் சுவாரசியம்.

2000-க்குப் பிறகு ஆட்கள் வேறு திசையில் போனார்கள். 'இழை இடப்பெயர்ச்சி' என்று ஒரு உத்தி. இரட்டை இழையில் ஓர் இழை கொஞ்சம் நீட்டிக்கொண்டிருக்கும். புதிதாக வரும் இழை அந்த நீட்டலில் ஒட்டி, மெல்ல மெல்ல முன்னேறி, ஏற்கெனவே ஒட்டியிருந்த பழைய இழையைத் தள்ளிவிடும். பஸ்ஸில் சீட்டு ஓரத்தில் முதலில் அரை இடம் பிடித்து, அப்புறம் நகர்ந்து நகர்ந்து, இருந்தவரை எழுப்பிவிடுகிற ஆசாமியைப் பார்த்திருப்பீர்கள். அதே வித்தைதான். எழுந்துபோன இழை சும்மா இருக்காது, அடுத்த சீட்டுக்குப் போய் அங்கே ஒருவரை எழுப்பும். இப்படி அடுக்கி அடுக்கி லாஜிக் கேட்டுகள் கட்டலாம்.

2011-இல் கால்டெக்கில் லுலு சியனும் எரிக் வின்ஃப்ரீயும் இந்த முறையில் 130 இழைகளைக் கொண்டு, 0 முதல் 15 வரையுள்ள எண்களுக்கு வர்க்கமூலம் காணும் சுற்றைக் கட்டினார்கள். பின்னம் கிடையாது, முழு எண் மட்டும். ஒரு விடைக்குச் சில மணி நேரம். பள்ளிக்கூடப் பையன் வாயாலேயே சொல்லிவிடுவான்.

இங்கேதான் பெரும்பாலான செய்திகள் வழுக்கிவிடுகின்றன. 'டி.என்.ஏ. கம்ப்யூட்டர் வர்க்கமூலம் போட்டது' என்று தலைப்பு வைத்தால், படிப்பவர் உடனே கால்குலேட்டரோடுதான் ஒப்பிடுவார். ஒப்பிட்டதும் சிரிப்புத்தான் வரும். ஆனால் அந்தக் கட்டுரையில் வர்க்கமூலம் வெறும் பரீட்சைக் கேள்வி. நிஜ விஷயம், பல அடுக்குச் சுற்று ஒன்றை, வெளியிலிருந்து யாரும் தொடாமல், ஒரே குழாய்க்குள் வேதியியல் தானாகவே ஓட்டிமுடித்தது என்பதே. அடில்மனின் ஏழு நாளில் ஒவ்வொரு படியிலும் மனிதக் கை இருந்தது. இங்கே இல்லை.

அப்படியானால் எதற்கு உதவும்? 'எவ்வளவு வேகம்' என்று கேட்பதை விட்டுவிட்டு, 'கேள்வி எங்கே இருக்கிறது' என்று கேட்டால் விடை கிடைக்கும்.

கேள்வி திரையில் எண்ணாக இருந்தால், அதை இழையாக மாற்றி, குழாயில் விட்டு, விடையை மறுபடி எண்ணாக மாற்றுவது வீண் வேலை. சிலிக்கானிடம் கொடுங்கள். ஆனால் கேள்வியே ஈரத்தில், மூலக்கூறாக இருந்தால்? 'இந்த செல்லில் இந்த ஆர்.என்.ஏ. கூடியிருக்கிறதா, அந்த ஆர்.என்.ஏ. குறைந்திருக்கிறதா?' இந்தக் கேள்விக்குள் வயரை நுழைக்க முடியாது. கேட்பதும் மூலக்கூறு, பதில் சொல்ல வேண்டியதும் மூலக்கூறு. மொழிபெயர்ப்பாளரே வேண்டாம்.

2004-இல் இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தில் ஏஹுட் ஷபிரோ குழு செய்தது இதைத்தான். நோயைக் காட்டும் சில ஆர்.என்.ஏ.க்களின் அளவை ஒவ்வொன்றாகச் சோதித்து, எல்லா நிபந்தனையும் பொருந்தினால் மட்டும் மருந்தாகப் பயன்படக்கூடிய ஒரு சிறு இழையை விடுவிக்கும் மூலக்கூறு அமைப்பு. சோதனைக் குழாயில்தான், உடலில் அல்ல. மெதுவாகத்தான். ஆனால் நோய் ஆண்டுக்கணக்கில் வளர்கிறது. விடை ஒரு மணி நேரம் கழித்து வந்தால் ஒன்றும் குடிமுழுகிவிடாது.

ரோபோவா, லாக்கரா?

2012-இல் ஷான் டக்ளஸ், இடோ பாச்செலெட், ஜார்ஜ் சர்ச் மூவரும் ஒரு டி.என்.ஏ. பெட்டி செய்தார்கள். 35 நானோமீட்டர் அகலம், 45 நானோமீட்டர் நீளம். ஒரு நானோமீட்டர் என்பது மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்கு. நீளமான டி.என்.ஏ. இழையைக் காகிதக் கப்பல்போல மடித்து உருவம் செய்யும் 'டி.என்.ஏ. ஓரிகாமி' முறையை 2006-இல் பால் ராத்மண்ட் காட்டியிருந்தார். அதே முறையில் செய்த அறுகோணப் பீப்பாய் இது. உள்ளே மருந்து மூலக்கூறு. வாயில் இரண்டு பூட்டு. செல்லின் மேற்பரப்பில் இரண்டு பூட்டுக்கும் உரிய புரதங்கள் இருந்தால் மட்டும் திறக்கும்.

இதற்குக் கட்டுரையின் தலைப்பிலேயே 'நானோ ரோபோ' என்று பெயர்.

ரோபோ என்றதும் நமக்கு என்ன தோன்றும்? மோட்டார், பேட்டரி, கண், கை. யாரோ எங்கிருந்தோ கட்டளையிடுகிறார்கள், அது போய்ச் செய்கிறது. இந்தப் பெட்டியில் இதில் எதுவும் கிடையாது. அது எங்கேயும் 'போகாது', திரவம் இழுத்த இழுப்புக்கு மிதக்கும். தற்செயலாகச் சரியான செல்லில் முட்டினால் திறக்கும். வங்கி லாக்கர் தெரியும் அல்லவா, வாடிக்கையாளர் சாவி ஒன்று, வங்கியின் சாவி ஒன்று, இரண்டும் சேர்ந்தால்தான் திறக்கும். அந்த லாக்கரை யாரும் ரோபோ என்று சொல்வதில்லை.

லாக்கர் என்று சொன்னால் பெருமை குறைந்துவிடுமா? எனக்குக் கூடுவதாகத்தான் படுகிறது. மோட்டார் இல்லாமல், மின்சாரம் இல்லாமல், வெறும் வடிவத்தாலும் ஒட்டும் தன்மையாலும் 'இதுவும் அதுவும் இருந்தால் மட்டும்' என்ற ஒரு முடிவை 45 நானோமீட்டருக்குள் எடுக்கவைத்திருக்கிறார்கள். ரோபோ என்ற சொல் அந்த ஆச்சரியத்தை மறைத்து, சினிமாவில் பார்த்த வேறொரு ஆச்சரியத்தை அந்த இடத்தில் உட்காரவைக்கிறது.

தாளிக்கிற வாசனையில் தந்தி அடிக்க முடியுமா?

இப்போது தகவல்தொடர்புப் பக்கம். 2008-இல் இயன் அகில்டிஸ் குழு 'நானோ வலையமைப்புகள்' என்ற கட்டுரையை வெளியிட்டது. 2015-இல் அவரும் வேறு மூவரும் எழுதிய இன்னொரு கட்டுரைக்கு 'உயிர்-நானோ பொருள்களின் இணையம்' என்று பெயர். அதே ஆண்டு, கம்ப்யூட்டர் வைஃபைக்குத் தரநிலை எழுதும் அமைப்பான ஐ-டிரிபிள்-ஈ, நானோ அளவுத் தகவல்தொடர்புக்கான ஒரு பரிந்துரைச் சட்டகத்தையும் கொண்டுவந்தது.

கருத்து இதுதான். ஒரு செல் மூலக்கூறுகளை வெளியே விடுகிறது, அது 'அனுப்புநர்'. அவை தண்ணீரில் பரவுகின்றன, அது 'வழித்தடம்'. இன்னொரு செல் அவற்றை உணர்கிறது, அது 'பெறுநர்'. மூலக்கூறு வந்தால் 1, வராவிட்டால் 0.

காகிதத்தில் பிரச்சினை இல்லை. ஆனால் மூலக்கூறு வழியில் எப்படிப் போகிறது என்று பாருங்கள். நேராகப் போவதில்லை. சுற்றியுள்ள நீர் மூலக்கூறுகள் இடித்து இடித்து, குடிகாரன் நடைபோலத் தள்ளாடிப் போகிறது. பள்ளிப் பாடத்தில் 'விரவல்' என்று படித்தோமே, அது. விரவலில் தூரம் பத்து மடங்கானால் நேரம் நூறு மடங்காகும். தண்ணீரில் ஒரு சின்ன மூலக்கூறுக்குத் தோராயமாகக் கணக்குப் போட்டால் இப்படி வரும்:

ஒரு பாக்டீரியாவின் நீளம், அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கைக் கடக்க, மில்லிவினாடிகூட ஆகாது. ஒரு மில்லிமீட்டருக்குச் சுமார் 3 நிமிடம். ஒரு சென்டிமீட்டருக்கு நாலரை மணி நேரம். ஒரு மீட்டருக்கு 5 ஆண்டு.

இயற்கைக்கு இது தெரியும். அதனால்தான் பெரிய உடம்புக்கு ரத்த ஓட்டத்தையும் நரம்பையும் வைத்திருக்கிறது. விரவலை மட்டும் நம்பியிருந்தால் கால் கட்டைவிரலில் முள் குத்திய செய்தி தலைக்கு வருவதற்குள் பையன் பள்ளிப் படிப்பையே முடித்துவிடுவான்.

தாமதம்கூடப் பரவாயில்லை. இன்னொரு தொல்லை, அனுப்பிய மூலக்கூறு அழிவதில்லை. பக்கத்து வீட்டில் கடுகும் பெருங்காயமும் தாளித்தால் வாசனை நமக்கு வருகிறது. ஒரு தடவை தாளித்தார்கள் என்று சொல்லிவிடலாம். ஐந்து நிமிடத்துக்குள் இரண்டு தடவையா மூன்று தடவையா என்று கேட்டால்? முதல் வாசனை போவதற்குள் இரண்டாவது வந்து கலந்துவிடும். மூலக்கூறுத் தொடர்பில் அடுத்தடுத்த பிட்டுகளுக்கு நேர்வதும் இதுதான். எறும்புகளின் வழித்தடம் வேலை செய்வதற்குக் காரணமே, அவை விடும் ஃபெரமோன் ஆவியாகிப்போவதுதான். அழிப்பான் இருந்தால்தான் சிலேட்டில் மறுபடி எழுத முடியும்.

2013-இல் ஃபர்சாத், குவோ, எக்ஃபோர்ட் மூவரும் மேசை மேல் ஒரு சோதனை செய்தார்கள். தெளிப்பான் ஒன்று, மின்விசிறி ஒன்று, எதிர்ப்பக்கம் ஆல்கஹால் உணரி ஒன்று. ஆல்கஹாலைத் தெளித்தால் 1, தெளிக்காவிட்டால் 0. 'ஓ கனடா' என்ற சேதியைச் சில மீட்டர் தூரம் அனுப்பினார்கள். வினாடிக்கு ஒரு பிட்டுக்கும் குறைவான வேகம். எனக்கு மிகவும் பிடித்த சோதனை இது, ஏனென்றால் வேஷம் இல்லை. நானோ என்று சொல்லவில்லை, மேசை மேல் என்று தலைப்பிலேயே போட்டார்கள். எல்லோரும் சமன்பாடு எழுதிக்கொண்டிருந்தபோது இவர்கள் நிஜமாகவே தெளித்து, நிஜமாகவே அளந்து பார்த்தார்கள். விசிறியை வைத்ததே ஓர் ஒப்புதல் வாக்குமூலம்தான்: விரவலை மட்டும் நம்ப முடியாது.

உயிர்கள் மூலக்கூறை எப்படிப் பயன்படுத்துகின்றன என்பதையும் பார்க்கலாம். விப்ரியோ ஃபிஷெரி என்று ஒளிவிடும் பாக்டீரியா. கடலில் தனியாக அலைந்தால் ஒளிராது. ஒருவகைச் சிறு கணவாயின் உடலில் கூட்டமாகச் சேர்ந்தால் ஒளிரும். ஒவ்வொன்றும் கொஞ்சம் மூலக்கூறை வெளியே விட்டுக்கொண்டே இருக்கிறது. சுற்றிலும் அது போதிய அளவு சேர்ந்ததும் எல்லாம் சேர்ந்து விளக்கைப் போடுகின்றன. ஆங்கிலத்தில் இதற்கு வைத்திருக்கும் பெயரில் இருப்பது நம் ஊர் கவுன்சில் கூட்டத்தில் அடிபடும் அதே 'கோரம்' தான். கோரம் சேர்ந்தால் தீர்மானம்.

இதில் யாரும் யாருக்கும் சேதி அனுப்பவில்லை. முகவரி இல்லை, வரிசையாகப் போகும் பிட்டு இல்லை. நடப்பது தலைக்கட்டு எண்ணிக்கை. மெதுவாகப் பரவுவதும் அழியாமல் தேங்குவதும் தந்திக்குக் குறை. ஆனால் எண்ணிக்கைக்கு அதுவே வசதி, தேங்கினால்தானே எண்ண முடியும்! இன்டர்நெட்டை மனதில் வைத்துக்கொண்டு பார்த்தால் குறையாகத் தெரிவது, பாக்டீரியாவின் வேலையை மனதில் வைத்துப் பார்த்தால் கருவியாகத் தெரிகிறது.

மறுதரப்பு

'உவமையே கூடாது என்கிறீர்களா?' என்று கேட்கலாம். இல்லை. தகவல்தொடர்பின் மொழி உயிரியலுக்கு நிஜமாகவே உதவியிருக்கிறது. 1948-இல் கிளாட் ஷானன் கொடுத்த 'பிட்' என்ற அளவுகோலை எடுத்துக்கொண்டு செல்லுக்குள் போனவர்கள் உண்டு. 2011-இல் 'சயின்ஸ்' இதழில் வந்த ஓர் ஆய்வு, அழற்சியைத் தூண்டும் ஒரு சமிக்ஞை தனிச் செல்லுக்குள் எவ்வளவு தகவலைக் கடத்துகிறது என்று அளந்தது. விடை ஒரு பிட்டுக்கும் சற்றுக் குறைவு. அதாவது அந்தத் தனிச் செல்லால் 'இருக்கிறது, இல்லை' என்பதைத் தாண்டி அதிகம் பிரித்தறிய முடியவில்லை. இவ்வளவு இரைச்சலான உறுப்புகளை வைத்துக்கொண்டு உடம்பு எப்படி இவ்வளவு ஒழுங்காக ஓடுகிறது என்ற நல்ல கேள்வி அதிலிருந்து பிறந்தது.

ஷானனை அளவுகோலாகக் கொண்டுபோனால் புதுசாக ஒன்று தெரிகிறது. ரூட்டர், கேட்வே, கிளவுட் என்று பெயர்ப்பலகைகளாகக் கொண்டுபோய் மாட்டினால் புதுசாக எதுவும் தெரிவதில்லை, ஏற்கெனவே தெரிந்த ஒன்று அங்கேயும் இருப்பதுபோல ஒரு மயக்கம் வருகிறது. நான் கோடு கிழிப்பது இங்கேதான்.

அந்த மூன்றாவது விளைவு

கொரோனா தடுப்பூசி வந்த காலத்தில் வாட்ஸ்அப்பில் சுற்றிய வீடியோக்கள் நினைவிருக்கும். ஊசிக்குள் சிப் இருக்கிறது, போட்டுக்கொண்டவர் பக்கத்தில் போய் ப்ளூடூத்தைத் திறந்தால் புரியாத எண்ணும் எழுத்துமாக ஒரு முகவரி தெரிகிறது, ஆகவே உடம்புக்குள் வலையமைப்பு வந்துவிட்டது என்று. 'ஆதாரம்' என்று சிலர் காட்டியவற்றில் நான் மேலே சொன்ன வகைப் படங்களும், 'உயிர்-நானோ பொருள்களின் இணையம்' போன்ற தலைப்புகளும் இருந்தன. 'பாருங்க, அவங்களே எழுதியிருக்காங்க!'

பதில் கடினம் அல்ல. ப்ளூடூத் அலையின் நீளம் சுமார் 12 சென்டிமீட்டர். அதைச் சரியாக அனுப்ப ஆண்டெனாவுக்குச் சென்டிமீட்டர் கணக்கில் இடம் வேண்டும், கூடவே மின்சாரமும். ஊசித் துளையில் போகும் அளவுக்கு, மைக்ரோமீட்டராகச் சுருக்கினால் அலையும் டெராஹெர்ட்ஸ் பக்கம் போய்விடும். அந்த அலையைத் தண்ணீர் அப்படியே விழுங்கிவிடும், உடம்புக்குள் ஒரு மில்லிமீட்டர் தாண்டுவதே பெரும்பாடு. நம் உடம்போ பெரும்பகுதி தண்ணீர். திரையில் தெரிந்த முகவரி பக்கத்து வீட்டு டிவியுடையதோ, யாரோ ஒருவர் காதில் மாட்டியிருந்த ஹெட்போனுடையதோதான்.

வதந்தியைக் கிளப்பியவர்கள் ஆய்வாளர்கள் அல்ல. 2015 கட்டுரையின் சுருக்கத்திலேயே, தாண்ட வேண்டிய சவால்கள் முன்னால் இருக்கின்றன என்றுதான் எழுதியிருக்கிறது. ஆனால் சுருக்கத்தை யார் படிக்கிறார்கள்? தலைப்பும் படமும்தான் பயணம் செய்கின்றன. 'எதிர்காலத்தில் சாத்தியம்' என்ற அடிக்குறிப்பு வழியிலேயே உதிர்ந்துவிடுகிறது. நிதி கேட்கும் விண்ணப்பத்தில் கொஞ்சம் கூட்டிச் சொல்வது எல்லாத் துறையிலும் நடப்பதுதான். இங்கே அந்தக் கூட்டல், ஊசி போட்டுக்கொள்ளலாமா வேண்டாமா என்று தயங்கிக்கொண்டிருந்த ஒரு பெரியவர் கையிலிருந்த கைப்பேசி வரை வந்து சேர்ந்தது. அதனால் இதை நடைப் பிரச்சினை என்று ஒதுக்க என்னால் முடியவில்லை.

சரியான பெயர் வைத்தவர்கள்

நல்ல உதாரணமும் சொல்ல வேண்டும். 2009-இல் பெங்களூரு தேசிய உயிரியல் அறிவியல் மையத்தில் யமுனா கிருஷ்ணன் குழு 'ஐ-ஸ்விட்ச்' என்ற டி.என்.ஏ. அமைப்பைச் செய்தது. யமுனா சென்னை மகளிர் கிறிஸ்தவக் கல்லூரியில் வேதியியல் படித்தவர். அமிலத்தன்மை கூடினால் மடங்கும், குறைந்தால் விரியும் ஒரு சின்னக் கவட்டை. மடங்குவதும் விரிவதும் இரண்டு நிறமிகளின் ஒளியில் தெரியும். பழ ஈயின் ரத்த செல்களுக்குள் அனுப்பி, அங்கே சின்னஞ்சிறு பைகளில் அமிலத்தன்மை எப்படி மாறுகிறது என்று நேரடியாகப் பார்த்தார்கள். பிற்பாடு உயிருள்ள புழுவுக்குள்ளும் அது வேலை செய்தது. கட்டுரைத் தலைப்பில் 'நானோ இயந்திரம்' என்ற சொல் உண்டு. ஆனால் அந்த இயந்திரம் எதை அளக்கிறது, எங்கே அளக்கிறது என்பதையும் அதே தலைப்பு சொல்லிவிடுகிறது. கைப்பேசியும் இல்லை, மேகமும் இல்லை.

அந்த உடல்-பட்டை-கைப்பேசிப் படத்துக்கு இன்றைக்கு மிக அருகில் இருக்கும் நிஜப்பொருள் எது தெரியுமா? சர்க்கரை நோயாளிகள் கையில் ஒட்டிக்கொள்ளும் தொடர் குளுக்கோஸ் மானி. தோலுக்கு அடியில் மெல்லிய கம்பி, அதன் மேல் ஒரு நொதி. குளுக்கோஸை அடையாளம் காண்பது நொதியின் வேலை. அதைக் கைப்பேசிக்கு அனுப்புவது தோலுக்கு வெளியே இருக்கும் மின்னணுவின் வேலை. யாரும் யாருடைய வேஷத்தையும் போடவில்லை. மூலக்கூறு தனக்குத் தெரிந்ததைச் செய்கிறது, சிலிக்கான் தனக்குத் தெரிந்ததைச் செய்கிறது. இரண்டும் சந்திக்கும் இடம் ஒரே ஒரு கம்பி முனை.

ஆகவே அடுத்த தடவை 'டி.என்.ஏ. கம்ப்யூட்டர்', 'நானோ ரோபோ', 'உடம்புக்குள் இணையம்' என்று செய்தி வந்தால் மூன்று கேள்வி கேட்டுப் பாருங்கள். எங்கே நடந்தது: கணினிப் பாவனையிலா, குழாயிலா, தட்டில் வளர்த்த செல்லிலா, எலியிலா, மனிதரிலா? எவ்வளவு நேரம், எவ்வளவு தூரம்? விடையை யார் படித்தார்கள்: மூலக்கூறே படித்து ஏதாவது செய்ததா, அல்லது ஆய்வகத்தில் ஒருவர் நுண்ணோக்கியில் பார்த்துச் சொன்னாரா? மூன்றுக்கும் செய்தியில் பதில் இல்லையென்றால் மூலக் கட்டுரையின் சுருக்கத்தைத் தேடிப் படியுங்கள். பெரும்பாலும் அங்கே நேர்மையாகவே எழுதியிருப்பார்கள்.

டி.என்.ஏ.வில் தகவலைச் சேமிப்பது பற்றி இதில் வேண்டுமென்றேதான் தொடவில்லை. அங்கே பந்தயம் வேறு, தராசும் வேறு. அதைத் தனிக் குறிப்பாக எழுதுகிறேன்.